கடல்முனைக் கோட்டையில் ஒரு பகல்



நமது ஆலயத்தின் பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பங்கின் வரலாற்றையே எழுதுவோம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் அதை நம் பெரியவர்கள் இதே மலரில் நம்மைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். ஆகவே நம் ஊருக்கு வெகு தொலைவிலுள்ள ஓர் ஊரைப் பற்றி எழுதத் துணிகிறோம். அந்த ஊருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நாம் ஆண்டுதோறும் கொடியேற்றித் தேரிழுத்துக் கொண்டாடும் செப்டம்பர் 8ஆம் நாள், நம் தேவதாயின் பிறப்புத் திருநாள், அவர்களுக்கும் பெருநாள். நாம் அதை ஆரோக்கிய அன்னையின் திருநாள் என்கிறோம். அவர்கள் அதை வெற்றித் திருநாள் என்கிறார்கள். எவர்மேல் கொண்ட வெற்றி என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

2025ஆம் ஆண்டு புனித ஆண்டாகையால் நம் பங்கிலிருந்து ஒரு சிறு கூட்டமாக உரோமாபுரிக்குத் திருப்பயணம் சென்றோம். அவ்வளவு தூரம் போயும் புனித சின்னப்பர் கப்பலுடைந்து கரை சேர்ந்த தீவைக் காணாமல் திரும்புவதா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுக்காரர்கள். அப்போஸ்தலர் பணி நூலின் 27, 28ஆம் அதிகாரங்களை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 276 பேர் ஏறிய கப்பல் புயலில் சிக்கி, நங்கூரங்களை அறுத்துவிட்டுக் கரையில் மோதி உடைந்ததும், ஒருவர்கூடச் சாகாமல் எல்லோரும் கரையேறியதும், அத்தீவு மக்கள் மழையிலும் குளிரிலும் தீ மூட்டி அவர்களை வரவேற்றதும் அங்கேதான். அத்தீவு மால்டா. பரப்பளவு பக்கத்துத் தீவுகளையும் சேர்த்து 316 சதுர கிலோமீட்டர்தான். நம் தாலுகாக்கள் சில அதைவிடப் பெரியவை.

சின்னப்பரின் குகையையும் ஆலயத்தையும் தரிசித்த மறுநாள், வல்லெட்டா நகரின் கரையிலிருந்து சிறு படகுகளில் ஏறித் துறைமுகத்தின் எதிர்க்கரைக்குப் போனோம். அங்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறை முனையில் வெயில் பட்டுத் தேன் நிறத்தில் நின்றது புனித ஆஞ்சலோ கோட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக மதில்கள், மதில்களில் பீரங்கிக்கான வாய்கள், உச்சியில் கொடிகள். படகில் வந்த நம் இளைஞர் ஒருவர், "சாமி, இது ஊர் மாதிரியில்ல இருக்கு!" என்றார். உண்மைதான். ஒரு சிற்றூரை அதற்குள் வைக்கலாம்.

கோட்டையை முதலில் கட்டியவர்கள் யார் என்று திட்டமாகச் சொல்வதற்கில்லை. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இது 'கடற்கோட்டை' என்ற பொருள்படும் இலத்தீன் பெயரால் குறிக்கப்படுகிறது. தீவின் நடுவே மேட்டில் உள்ள மதீனா என்ற பழைய நகரம் பிரபுக்களுடையது. கடற்கரையில் இருந்த இந்தக் கோட்டை அரசனுடையது. துறைமுகத்தை வைத்திருப்பவனே தீவை வைத்திருப்பவன் என்பதால், சிசிலியை ஆண்ட அரசர்கள் தங்கள் காவலரை இங்கே நிறுத்தினார்கள். 1283 ஜூலையில் அரகோன் நாட்டுக் கப்பற்படை, இந்தக் கோட்டைக்கு உதவ வந்த ஆஞ்சு வம்சத்தாரின் கப்பல்களை இதே துறைமுகத்தில் முறியடித்தது. அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் கோட்டை கோட்டைத் தலைவர்கள் கையில் மெல்லச் சிதைந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கோட்டைக்கு மறுபிறப்பு 1530இல் வந்தது. எருசலேமில் நோயுற்ற திருப்பயணிகளுக்கு மருத்துவமனை நடத்தத் தொடங்கிய புனித அருளப்பர் சபையார், காலப்போக்கில் வாள் ஏந்திய வீரத்துறவிகள் ஆனார்கள். எருசலேமை இழந்து, பாலஸ்தீனக் கரையை இழந்து, 1522இல் ரோட்ஸ் தீவையும் துருக்கியரிடம் இழந்து, ஏழு ஆண்டுகள் வீடற்று அலைந்தார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவர்களுக்கு மால்டாவையும் கோஸோவையும் திரிப்போலியையும் கொடுத்தார். குத்தகை என்ன தெரியுமா? ஆண்டுக்கு ஒரு வல்லூறு, சகல புனிதர் திருநாளன்று கட்ட வேண்டும்!

வந்தவர்களுக்குத் தீவு பிடிக்கவில்லை. மரமில்லை, தண்ணீர் குறைவு. ஆனால் துறைமுகம் இருந்தது. கப்பலையே நம்பி வாழ்ந்த அவர்கள் கோட்டையை ஒட்டிய பிர்கு என்ற மீனவர் ஊரில் குடியேறினார்கள். அவர்களுடைய பெருந்தலைவர் கோட்டைக்குள்ளேயே வசித்தார். அப்போது பீரங்கி பெருகிவிட்ட காலம். உயரமான மெல்லிய மதில்கள் பீரங்கிக்கு முன் நில்லா. எனவே ஃபெர்ராமோலினோ என்ற பொறியாளர் வரவழைக்கப்பட்டு, தாழ்வான தடித்த கொத்தளங்களும், பீரங்கியை ஏற்றி வைக்க உயர்ந்த மேடையும் கட்டப்பட்டன. கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே பாறையை வெட்டிக் கடல்நீரையே அகழியாக ஓடவிட்டார்கள். அந்த அகழியில் இன்றும் படகுகள் நிற்கின்றன. கோட்டைக்கும் எதிரே இருந்த செங்கலெயா முனைக்கும் இடையே பெரிய இரும்புச் சங்கிலி ஒன்று போடப்பட்டது. தேவையானபோது அதை இழுத்து நிறுத்தினால் எந்தக் கப்பலும் உள்ளே நுழைய முடியாது. துறைவாயில் வடம் கட்டுவதை அறிந்த நம் ஆட்கள் இதைக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

இத்தனையும் வீண் அச்சத்தால் அல்ல. 1551இல் துர்குத் என்ற கடற்தளபதி வந்து, இந்தக் கோட்டையைப் பார்த்து ஒதுங்கி, பக்கத்துத் தீவான கோஸோவில் இறங்கி, சுமார் 5,000 பேரைப் பிடித்துக் கொண்டு போனான். அநேகமாகத் தீவின் மக்கள் முழுவதும். கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. கடற்கரையில் கோட்டை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

ஆனால் கிறிஸ்தவர்கள் மட்டும் பிடிபட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வீரத்துறவிகளின் கப்பல்களும் ஆண்டுதோறும் வேட்டைக்குப் போயின. முஸ்லிம் கப்பல்களையும் கரையோர ஊர்களையும் தாக்கி மனிதரைப் பிடித்து வந்தன. அவர்களே துடுப்பு வலித்தார்கள், இந்த மதில்களுக்குக் கல் சுமந்தார்கள். இங்கே இரண்டு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1565 முற்றுகையில் கோட்டையைக் காத்த பெருந்தலைவர் லா வல்லெட்டு, 1541இல் பிடிபட்டு ஓராண்டு காலம் முஸ்லிம் கப்பலில் விலங்கோடு துடுப்பு வலித்தவர். அவரை எதிர்த்து வந்த துர்குத், 1540இல் ஜெனோவாக்காரரிடம் பிடிபட்டு நான்கு ஆண்டுகள் கிறிஸ்தவர் கப்பலில் அதே வேலை செய்தவன். இருவர் முதுகும் சாட்டையை அறியும். இருவரும் விடுதலையான பின் பிறர் முதுகில் அதே சாட்டையை ஓங்கினார்கள். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது லா வல்லெட்டின் பெயரை மனப்பாடம் செய்தோம். இந்தச் செய்தி எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்ததாக நினைவில்லை. இருந்தும் நாங்கள் கவனிக்காமல் போயிருக்கலாம்.

1565 மே 18 அன்று துருக்கிக் கப்பற்படை அடிவானத்தில் தெரிந்தது. அதாவது புனித சவேரியார் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பின். வந்தவர்கள் 30,000 பேருக்கு மேல் என்பர். காத்தவர்கள் ஏறத்தாழ 500 வீரத்துறவிகளும், தீவு மக்களும் கூலிப்படையினருமாகச் சில ஆயிரம் பேரும்தான். துருக்கியர் முதலில் துறைமுக வாயிலின் மறுபக்கம் இருந்த புனித எல்மோ என்ற சிறு கோட்டையைத் தாக்கினார்கள். நான்கு நாளில் விழும் என்று எண்ணிய அது ஒரு மாதம் நின்றது. இரவுதோறும் ஆஞ்சலோ கோட்டையிலிருந்து படகுகளில் ஆட்கள் போனார்கள். போனவர்கள் திரும்ப மாட்டோம் என்று தெரிந்தே போனார்கள். ஜூன் 23 அன்று, ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு முந்திய நாள், எல்மோ விழுந்தது. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். துர்குத்தும் அங்கே பட்ட காயத்தால் இறந்தான்.

மறுநாள் நடந்ததை வழிகாட்டி சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார். வீழ்ந்த வீரத்துறவிகள் சிலரின் தலையற்ற உடல்களைச் சிலுவை வடிவில் மரத்தில் அறைந்து துருக்கியர் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அவை அலையில் மிதந்து இந்தக் கோட்டையின் அடிவாரத்துக்கு வந்தன. லா வல்லெட்டு தம் சிறையில் இருந்த துருக்கிக் கைதிகளை வெட்டச் சொல்லி, அவர்கள் தலைகளைப் பீரங்கியில் வைத்து எதிரியின் முகாமுக்குச் சுட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தங்கள் சபைக்குப் பாதுகாவலரான அருளப்பரின் தலையும் தட்டில் வைக்கப்பட்டது என்பது அன்றைய திருநாளில் அவருக்கு நினைவு வந்ததா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டாலும் யார் பதில் சொல்வது?

மதிலின் மேல் நின்று வழிகாட்டி கீழே சுட்டிக்காட்டினார். நீர்மட்டத்தில், பாறையோடு பாறையாக, வெளியே தெரியாத ஒரு பீரங்கி மேடை. ஜூலை 15 அன்று எதிரே செங்கலெயா முனையைத் தாக்கப் பத்துப் படகுகளில் துருக்கியின் தேர்ந்த வீரர்கள் வந்தார்கள். இந்த மேடை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தளபதி தெ கிரால் அவர்களைக் கிட்டே வரவிட்டு, ஒரே நேரத்தில் எல்லாப் பீரங்கிகளையும் சுட்டார். பத்தில் ஒன்பது படகுகள் மூழ்கின. "அதுவே முற்றுகையின் திருப்புமுனை" என்று முடித்தார் வழிகாட்டி. நாங்கள் மொழிபெயர்த்துச் சொன்னதும் நம் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

கூட்டத்தில் இருந்த மூத்த தாய் ஒருவர் கைதட்டவில்லை. கீழே தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஒரு படகுல எத்தன பேரு சாமி?"

"நூறு பேரளவில் இருக்கும் என்கிறார்கள் அம்மா."

"ஒம்போது படகு." விரலை மடக்கினார். "கரைக்கு எத்தன பேரு வந்து சேந்தாங்க?"

வழிகாட்டியிடம் கேட்டோம். மிகச் சிலர்தான் என்றார்.

"நம்ம ஆளுவ இல்லதான். ஆனா தண்ணியில போனவங்க. ஒரு பரலோக மந்திரம் சொல்லுவமா?"

அந்த அம்மாவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று மற்றவர்கள் கல்லறைக்குப் போகையில் அவர் கரைக்குப் போய் மெழுகுவத்தி வைப்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கணம் தயங்கினோம். கிறிஸ்தவக் கோட்டையின் மதிலில் நின்றுகொண்டு, அதைத் தாக்க வந்து மாண்டவர்களுக்கா என்று ஓர் எண்ணம் வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பழைய பாடப் புத்தகம் பேசியது. பிறகு வெட்கமாயிற்று. அங்கேயே நின்று பரலோக மந்திரமும் அருள் நிறைந்த மந்திரமும், மரித்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டும் செபமும் சொன்னோம். எல்மோவில் விழுந்த 1,500 பேர், பீரங்கியில் தலை போன கைதிகள், ஒன்பது படகில் வந்தவர்கள், குண்டு மழையில் மதிலைப் பழுது பார்க்க விலங்கோடு துரத்தப்பட்டு மாண்ட அடிமைகள், கோஸோவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து. கைதட்டியவர்களும் உடன் சொன்னார்கள். வழிகாட்டிப் பெண் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

அன்று மாலை அறைக்குத் திரும்பியபின் ஒரு கணக்கு மனத்தில் வந்தது. முற்றுகை 1565இல். சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயத்தாரைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. முஸ்லிம்களைப் பற்றிய பகுதியில், நூற்றாண்டுகளாய் எழுந்த பகைமைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாய் உழைக்க வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. அதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். படிப்பில்லாத அந்த அம்மா அதை ஒரு நிமிடத்தில் செய்துவிட்டார்.

கோட்டையின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1566இல் எதிர்க்கரையில் வல்லெட்டா நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1571இல் சபையார் அங்கே குடிபெயர்ந்தார்கள். ஆஞ்சலோ கோட்டை சிறைக்கூடமும் ஆயிற்று. 1608இல், அருளப்பர் தலை வெட்டப்படும் காட்சியைச் சபையாருக்காகப் பெரிய ஓவியமாகத் தீட்டிக் கொடுத்த கரவாஜியோ, அதே ஆண்டு ஒரு சண்டையின் காரணமாக இங்கே அடைக்கப்பட்டு, தப்பி ஓடினார். இவ்வளவு மதில் இருந்தும் எப்படித் தப்பினார் என்பது இன்றும் புதிர்தான். 1680களின் இறுதியில் கிரூனென்பெர்க் என்ற பொறியாளர் துறைமுக வாயிலை நோக்கிப் படிப்படியாகப் பீரங்கி மேடைகளைத் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். இன்று நாம் காணும் முகத்தோற்றம் பெரும்பாலும் அவருடையதே.

1798இல் நெப்போலியன் வந்தபோது சபையார் அதிகச் சண்டையின்றித் தீவை விட்டார்கள். அவன் ஆலயங்களின் வெள்ளியைச் சூறையாடினான். மக்கள் எழுந்து போராடி, பிரிட்டிஷார் துணையோடு 1800இல் பிரெஞ்சுக்காரரை விரட்டினார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மால்டாவில் அடிமைத்தனத்தை ஒழித்து ஆணையிட்டவனும் அந்த நெப்போலியன்தான். 268 ஆண்டுகள் சிலுவையை அணிந்து ஆண்டவர்கள் அதைச் செய்யவில்லை.

பிறகு பிரிட்டிஷ் கடற்படை. அவர்கள் வழக்கப்படி கரையிலுள்ள முகாமுக்கும் கப்பற்பெயர் உண்டு. 1933 முதல் கோட்டையே 'ஆஞ்சலோ' என்ற போர்க்கப்பலாகப் பதிவேட்டில் இருந்தது. கல்லாலான, நகராத கப்பல்! இரண்டாம் உலகப் போரில் அதன்மேல் 69 குண்டுகள் நேராக விழுந்தன. 1942இல் தீவு பட்டினியின் விளிம்பில் இருந்தபோது, அனுப்பப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்து மட்டும் வந்து சேர்ந்தன. கடைசிக் கப்பல் பாதி மூழ்கிய நிலையில் துறைமுகத்துள் நுழைந்த நாள் ஆகஸ்ட் 15, தேவதாயின் விண்ணேற்புத் திருநாள். மதில்களில் மக்கள் திரண்டு நின்று அழுதார்களாம். அந்தக் கப்பல் கூட்டத்தை மால்டா மக்கள் இன்றும் தேவதாயின் பெயராலேயே அழைக்கிறார்கள். 1979 மார்ச் 31 அன்று கடைசிப் பிரிட்டிஷ் படையும் புறப்பட்டது.

அதன்பின் கோட்டை பாழடைந்தது. 1998இல் ஓர் உடன்படிக்கையால் அதன் மேற்பகுதி 99 ஆண்டுகளுக்குப் பழைய வீரத்துறவிகள் சபைக்கே கொடுக்கப்பட்டது. அவர்கள் இப்போது வாள் ஏந்துவதில்லை. தொடக்கத்தில் செய்த மருத்துவப் பணியையே உலகெங்கும் செய்கிறார்கள். மற்றப் பகுதி 2012 முதல் 2015 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு புதுப்பிக்கப்பட்டது. மால்டாவின் கல் மென்மையானது, இரம்பத்தால் அறுக்கலாம். உப்புக் காற்று அதைக் கரையான்போல் தின்னும். நம் ஆலய முகப்பின் பூச்சு ஐந்தாண்டுக்கொருமுறை உதிர்வதைக் கண்டு புலம்புகிற நம் நிதிக் குழுவினர், புதுக் கல்லையும் பழைய கல்லையும் தடவித் தடவிப் பார்த்ததைக் காண வேடிக்கையாக இருந்தது.

கோட்டையிலிருந்து இறங்கி அகழிப் பாலத்தைக் கடந்தால் பிர்கு. முற்றுகைக்குப் பின் அந்த ஊருக்கு 'வெற்றி நகர்' என்று பெயர் சூட்டினார்கள். சிசிலியிலிருந்து உதவிப் படை செப்டம்பர் 7 அன்று கரையிறங்க, மறுநாள் மரியன்னையின் பிறப்பு விழாவன்று முற்றுகை விலகியது. அந்த நாள் இன்றும் அவர்களுக்கு நாட்டு விழா. புனித லவுரேஞ்சியார் ஆலயத்தின் அருகே சிறு அருங்காட்சியகத்தில் லா வல்லெட்டின் தொப்பியும் வாளும் உள்ளன. தொப்பி பழையதாய், சாதாரணமாய் இருந்தது. வாளைவிட அதையே அதிக நேரம் பார்த்தோம்.

ஆலயத்துக்குள் சில பாட்டிமார் செபமாலை சொல்லிக் கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் நாங்களும் முழந்தாளிட்டோம். மொழி புரியவில்லை, ஆனால் தாளம் புரிந்தது. மால்டா மொழி அரபு மொழிக்குப் பிறந்த மகள். அருள் நிறைந்த மந்திரத்தை அவர்கள் தொடங்குவது 'ஸ்லீம்' என்ற சொல்லால். முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் 'சலாம்' அதுவே. கடவுளை அவர்கள் அழைக்கும் பெயர் 'அல்லா'. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அந்த மதிலின் இருபுறமும் மாண்டவர்களில் எத்தனையோ பேர் கடைசி மூச்சில் கூப்பிட்டது ஒரே சொல்லாக இருந்திருக்கும்.

மாலை ஐந்து மணிக்குப் படகுத்துறைக்கு வந்தோம். காற்று எழும்பியிருந்தது. படகோட்டி ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றினார். நம் மூத்த தாயோ அவர் கையைப் பிடிக்காமல் தாமே இறங்கி ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தார். படகு கோட்டை முனையைக் கடந்து, அந்த நீர்மட்டத்துப் பீரங்கி மேடைக்கு நேரே வந்தபோது, நம் ஊரில் வள்ளம் ஏறும்போது செய்வதுபோல் குனிந்து கடல்நீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.